பர்மிஷன் இருக்கா?

சென்னையில் ஒரு கண்டனக் கூட்டம் நடத்த ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசைதான். ஐந்து நாளைக்கு முன்பே போலீசில் மனு கொடுக்க வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை பேர், மைக் செட் உண்டா என்று சகலமும் எழுத வேண்டும். எந்தச் சட்டப்படி என்று கேட்டால் '41வது பிரிவு' என்பார்கள். ஏதோ போன வருஷம் வந்த சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1888ஆம் வருஷத்து மெட்ராஸ் நகரப் போலீஸ் சட்டம்! அதைப் போட்ட வெள்ளைக்காரன் எப்போதோ கப்பலேறிவிட்டான். 41வது பிரிவுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க மறந்துவிட்டான்.

நமக்கு இப்படி ஒரு சீதனத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் சொந்த ஊரில் எப்படி? பொதுக்கூட்டம் என்றால் தொப்பியைக் கழற்றி 'வாருங்கள்' என்றார்களா? அதுதான் இல்லை. லண்டன்காரன் கூட்டத்தைப் பார்த்து நடுங்கிய நடுக்கம் இருக்கிறதே, தனிக் காவியம். அந்தக் காவியத்துக்கு ஒரு பூங்கா உண்டு, ஒரு கமிஷனர் உண்டு, கொஞ்சம் கம்பி வேலியும் உண்டு. எல்லாவற்றிலும் தைரியசாலி வேலிதான்.

முதலில் பூங்கா. ஹைட் பார்க், லண்டன் நடுவே சுமார் 350 ஏக்கர். 1536இல் எட்டாம் ஹென்றி, வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டார். மனைவிகளை மாற்றிய நேரம் போக மிச்ச நேரத்தில் மான் வேட்டையாட இடம் வேண்டாமா? நூறு வருஷம் கழித்து, 1637இல், முதலாம் சார்லஸ் மன்னர் 'ஜனங்களும் வரட்டும்' என்று பெரிய மனசோடு கதவைத் திறந்துவிட்டார். 1649இல் அவர் தலையை வெட்டினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் பின்னால் வந்த ராஜாக்களுக்கு அது புரிய வேண்டுமே!

அதே பூங்காவின் வடகிழக்கு மூலையை ஒட்டித்தான் டைபர்ன் தூக்குமேடை இருந்தது. கழுத்தில் கயிறு விழுவதற்கு முன் குற்றவாளி நாலு வார்த்தை பேசலாம். கேட்பதற்குக் கூட்டம் முண்டும். கேலரி கட்டி, காசு வாங்கி உட்கார வைத்தார்கள். 1783 வரை இந்த வைபவம் நடந்தது. யோசித்துப் பாருங்கள்: லண்டனில் பொது இடத்தில், மேடை போட்டு, போலீஸ் தொந்தரவே இல்லாமல், முழு அரசாங்க அனுமதியோடு பேசிய ஒரே ஆசாமி அவர்தான். கண்டிஷன் ஒன்றே ஒன்று. அடுத்த கூட்டத்துக்குத் தேதி கொடுக்கக் கூடாது.

இப்போது கமிஷனர். பெயர் ரிச்சர்ட் மேன். அயர்லாந்து வக்கீல். 1829இல் லண்டன் போலீஸ் தொடங்கப்பட்டபோது, 32 வயதில், இரண்டு கமிஷனர்களில் ஒருவராக உட்கார்ந்தார். 1868இல் சாகும்வரை எழுந்திருக்கவில்லை. 39 வருஷம் ஒரே நாற்காலி! டிரான்ஸ்ஃபர் ஆர்டரைப் பார்த்தே வயசாகிப்போன நம் அதிகாரிகள் பெருமூச்சு விடலாம். மேன் கைசுத்தமானவர், மாடாக உழைத்தவர். ஒரே ஒரு பலவீனம்: எங்கே கூட்டம் என்றாலும் உடனே ஒரு தடை நோட்டீஸ் அச்சடித்து ஒட்டிவிடுவார். அந்த நோட்டீஸால்தான் பாதிப் பேருக்குக் கூட்டம் இருக்கிற விஷயமே தெரியும்.

1848, ஏப்ரல் 10. ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை கேட்டு சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் கெனிங்டன் மைதானத்தில் கூடி, அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு ஊர்வலமாகப் போய் மனு கொடுப்பதாக ஏற்பாடு. பிரான்சில் அப்போதுதான் ராஜாவைத் துரத்தியிருந்தார்கள். அரசாங்கத்துக்கு வயிற்றைக் கலக்கியது. விக்டோரியா ராணியைக் குடும்பத்தோடு ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். நெப்போலியனை ஜெயித்த வெல்லிங்டன் பிரபுவை, 78 வயதில், 'தாத்தா, இன்னும் ஒரே ஒரு யுத்தம்' என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வெளியுறவுத் துறை அலுவலக ஜன்னல்களில் தடுப்பாக 'டைம்ஸ்' பத்திரிகையின் பைண்டு வால்யூம்களை அடுக்கினார்கள். அந்தப் பத்திரிகையைத் துளைத்துக்கொண்டு எந்த விஷயமும் உள்ளே போகாது என்று அனுபவம்.

அது போதாதென்று சுமார் 85,000 சிறப்புக் கான்ஸ்டபிள்கள். பிரபுக்கள், வக்கீல்கள், கடைக்காரர்கள் எல்லோர் கையிலும் ஒரு தடி. அவர்களில் ஒருவர் நாட்டைவிட்டு ஓடிவந்து லண்டனில் தங்கியிருந்த லூயி நெப்போலியன். அதே வருஷக் கடைசியில் பிரான்சின் ஜனாதிபதி, 1852இல் சக்கரவர்த்தி! ஒருநாள் பந்தோபஸ்து டியூட்டி பார்த்துவிட்டு இவ்வளவு வேகமாகப் பிரமோஷன் வாங்கியவர் போலீஸ் வரலாற்றிலேயே வேறு யாரும் இல்லை.

அன்றைக்கு மேன் போட்ட கண்டிஷன் நமக்கு ரொம்பப் பழக்கமானது: 'கூட்டம் நடத்திக்கோ, ஊர்வலம் கிடையாது.' தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானரை மைதானத்துக்குப் பக்கத்து மதுக்கடைக்கு வரவழைத்துச் சொன்னார். சிங்கம்போல் கர்ஜித்து வந்த ஓ'கானர், தன்னைக் கைது செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முகம் வெளுத்துப் போயிருந்தார். 'ஊர்வலம் மட்டும்தான் கூடாதா? ரொம்ப நன்றி சார்!' என்று கமிஷனர் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. மன்னிக்கவும், குலுக்கியே விட்டார்.

புரட்சி மனு கடைசியில் மூன்று வாடகை வண்டிகளில் ஏறி நாடாளுமன்றம் போயிற்று. மழையும் வந்தது. 57 லட்சம் கையெழுத்து என்றார் ஓ'கானர். அவையின் குமாஸ்தாக்கள் எண்ணிவிட்டு 19,75,496 என்றார்கள். அதிலும் விக்டோரியா ராணி, வெல்லிங்டன் பிரபு, 'சப்பை மூக்கன்' எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்களாம். நாடே சிரித்தது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கணக்குப் போடவில்லை. எண்ணியது 13 குமாஸ்தாக்கள், 17 மணி நேரத்தில். அப்படியானால் தலைக்கு ஒரு விநாடிக்கு இரண்டரைக் கையெழுத்து! சப்பை மூக்கனைவிடப் பெரிய கற்பனைப் பாத்திரம் அந்தக் குமாஸ்தாதான்.

சரி, அனுமதியோடு நடந்த விழா ஒன்றையும் பார்த்துவிடுவோம். 1851இல் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சி நடத்த ஆசைப்பட்டார். வீட்டுக்காரியே மகாராணி, பர்மிஷன் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கர்னல் சிப்தார்ப் என்ற எம்.பி. குறுக்கே படுத்துவிட்டார். வெளிநாட்டுக்காரன் வருவான், திருடுவான், நோய் பரப்புவான், எல்லாவற்றுக்கும் மேலாக எல்ம் மரங்களை வெட்டிவிடுவீர்கள் என்று சபையில் சாபமே கொடுத்தார். ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் மையொற்றும் தாளில் ஒரு படம் கிறுக்கி, மரங்களை அப்படியே உள்ளே வைத்துக் கண்ணாடி மாளிகையை எழுப்பிவிட்டார். மரம் தப்பித்தது. மரத்தில் இருந்த குருவிகளும் உள்ளேயே தங்கிவிட்டன. பார்க்க வந்த பிரபுக்களின் தொப்பிதான் தப்பிக்கவில்லை.

குருவியை என்ன செய்வது? கண்ணாடி வீட்டுக்குள் துப்பாக்கி சுட முடியாதே! ராணி வெல்லிங்டனைக் கேட்க, 'வல்லூறு விடுங்கள், அம்மணி' என்றாராம் கிழவர். கதைதான், ஆனால் 85,000 கான்ஸ்டபிளோடு லண்டனைக் காத்த மனுஷன் குருவிக்கு ஒரு பறவையோடு நிறுத்திக்கொண்டார் என்பதே பெரிய முன்னேற்றம்.

ஒரு ஷில்லிங் டிக்கெட் போட்டால் ஏழைபாழைகள் நுழைந்து எல்லாவற்றையும் உடைப்பார்கள் என்று பயந்தார்கள். வந்தார்கள். ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் வருகை. ஒரே நாளில் 1 லட்சத்துக்கு மேல். யாரும் எதையும் உடைக்கவில்லை. வரிசையில் நின்றார்கள், பார்த்தார்கள், காசு கொடுத்துக் கழிப்பறைக்குப் போனார்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள். கண்காட்சியின் பந்தோபஸ்தைச் சிறப்பாகக் கவனித்தவர் என்று மேனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. நடக்காத கலவரத்தை அடக்கியதற்காகப் பட்டம்!

இதிலிருந்து சர் ரிச்சர்ட் என்ன பாடம் கற்றிருக்க வேண்டும்? விட்டுவிட்டால் ஜனங்கள் தானே கலைந்து போவார்கள் என்று. கற்றாரா? நான்கே வருஷத்தில் பதில் கிடைத்தது.

1855. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்று ராபர்ட் கிராஸ்வெனர் பிரபு ஒரு மசோதா கொண்டுவந்தார். ஜனங்கள் சாமி கும்பிடட்டும் என்று நல்லெண்ணம். தொழிலாளிக்குச் சம்பளம் வருவது சனிக்கிழமை ராத்திரி. ஞாயிறு கடை இல்லையென்றால் அவன் சாமியை மட்டும்தான் சாப்பிட வேண்டும். பிரபுக்களோ அதே ஞாயிறு மாலை ஹைட் பார்க்கில் கோச்சு வண்டியில் பவனி வருவார்கள். 'மேன்மக்கள் ஓய்வுநாளை எவ்வளவு பக்தியோடு கடைப்பிடிக்கிறார்கள் என்று பார்க்க வாருங்கள்' என்று யாரோ ஒரு குறும்பர் சுவரொட்டி ஒட்டினார். கூட்டம் வண்டிப் பாதையின் இரண்டு பக்கமும் நின்று, ஒவ்வொரு வண்டிக்கும் 'கோயிலுக்குப் போ!' என்று கத்தியது. பக்தியை இவ்வளவு பலமாக வற்புறுத்திய கூட்டத்தைக் கலைக்க எந்தப் பாதிரியாரும் வரவில்லை.

அடுத்த ஞாயிறுக்கு மேன் வழக்கம்போல் தடை நோட்டீஸ் ஒட்டினார். வழக்கம்போல் கூட்டம் வந்தது. மறுநாளே கிராஸ்வெனர் மசோதாவை வாபஸ் வாங்கிவிட்டார். வேடிக்கை பார்த்தவர்களில் தாடி வைத்த ஒரு ஜெர்மன் பத்திரிகையாளரும் உண்டு. முதல் ஞாயிறு 2 லட்சம் பேர் என்று எழுதினார். இங்கிலீஷ் புரட்சி நேற்று ஹைட் பார்க்கில் ஆரம்பித்துவிட்டது என்றும் எழுதினார். பெயர் கார்ல் மார்க்ஸ். புரட்சிக்காரர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை.

இனி உச்சக்கட்டம். 1866, ஜூலை 23. ஓட்டுரிமை கேட்டு ரிஃபார்ம் லீக் ஹைட் பார்க்கில் கூட்டம் அறிவித்தது. உள்துறை அமைச்சர் ஸ்பென்சர் வால்போல், 'அது அரசிக்குச் சொந்தமான நிலம், கூட்டம் போடக் கூடாது' என்றார். மாலை 5 மணிக்குக் கதவுகளைச் சாத்திப் போலீசை நிறுத்தினார் மேன். லீக் தலைவர் எட்மண்ட் பீல்ஸ் ஒரு வக்கீல். வண்டியில் வந்து இறங்கினார், மார்பிள் ஆர்ச் கதவுக்குப் போனார், உள்ளே விடச் சொன்னார். 'முடியாது.' 'யார் அதிகாரத்தில்?' 'எங்கள் கமிஷனர் அதிகாரத்தில்.' சட்டப்படி கேட்டாகிவிட்டது, சட்டப்படி மறுத்தாகிவிட்டது. திருப்தியோடு வண்டியேறி ட்ரஃபால்கர் சதுக்கத்துக்குப் பேசப் போய்விட்டார். தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும். கல் விழுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்.

பின்னால் நின்ற கூட்டம் என்ன செய்யும்? வேலியில் சாய்ந்தது. வேலி ஆடியது. அட, இது ஆடுகிறதே என்று ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து ஆட்டினார்கள். கல்லும் கம்பியுமாகச் சரிந்தது. அவ்வளவு போலீஸ், அவ்வளவு நோட்டீஸ், கதவுக்கு அவ்வளவு பூட்டு! கதவு கடைசிவரை திறக்கவே இல்லை. பக்கத்தில் சுவர்தான் இல்லை.

69 வயசு மேன் குதிரையில் நடுவே நின்றார். கல்லடி பட்டு முகத்தில் ரத்தம் வழிந்தது, அசையவில்லை. தைரியத்தில் குறையே சொல்ல முடியாது. பட்டாளத்தைக் கூப்பிட்டார்கள்; ஜனங்கள் சிப்பாய்களைப் பார்த்துக் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். இரண்டு நாள் கழித்து பீல்ஸும் மற்றவர்களும் வால்போலைச் சந்தித்தபோது அமைச்சர் அழுதுவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. கூட இருந்தவர்கள் 'கண் கொஞ்சம் கலங்கியது, அவ்வளவுதான்' என்ற ரீதியில் மறுத்தார்கள். அப்பேர்ப்பட்ட சாம்ராஜ்யத்தின் உள்துறைக்கு அதுவே சிறந்த மறுப்பறிக்கை.

மறு வருஷம், 1867 மே 6, மறுபடியும் கூட்டம், மறுபடியும் தடை. இந்தத் தடவை அரசாங்கத்தின் சொந்த வக்கீல்களே ஒரு குண்டு போட்டார்கள்: பூங்காவுக்குள் நுழைந்தவர்களை மொத்தமாக அடித்துத் துரத்த சட்டத்தில் இடமில்லை, ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகப் போய், 'ஐயா, தாங்கள் அத்துமீறி நிற்கிறீர்கள்' என்று சொல்லி வெளியேற்றலாம். வந்ததோ லட்சம் பேருக்கு மேல்! போலீசும் பட்டாளமும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன. ஜனங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு இருட்டும் முன் வீடு திரும்பினார்கள். அதில் உடைந்தது வால்போலின் உள்துறை உத்தியோகம் ஒன்றுதான்.

இத்தனை வருஷ அனுபவத்தில் ஒரு உண்மை பளிச்சென்று தெரிகிறது. தடை போடுகிறவர்தான் எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஸ்பான்சர். லீக்காரன் சுவரொட்டி ஒட்டினால் தொழிலாளி மட்டும் வருவான். கமிஷனர் ஒட்டினால் ஊரே வரும். 1872இல் அரசாங்கம் பூங்காக்களுக்கு ஒரு சட்டம் போட்டு, 'சரி, விதிமுறைப்படி இந்த இடத்தில் பேசிக்கொள்ளுங்கள்' என்று இறங்கிவந்தது. உலகப் புகழ்பெற்ற 'ஸ்பீக்கர்ஸ் கார்னர்' அப்படிப் பிறந்தது. பேச்சுரிமையின் ஆலயம் என்று டூரிஸ்ட் கைடுகள் உருகுவார்கள். வேலி கட்டிக் கட்டி அலுத்துப்போன ஒரு அலுவலகத்தின் சமரச ஏற்பாடு என்று சொன்னால் டிப்ஸ் கிடைக்குமா?

பேசும் சுதந்திரம் கிடைத்தாயிற்று. ஆண்களுக்கு. பெண்கள் ஓட்டுக் கேட்டபோது அவர்கள் வேறு ரூட் பிடித்தார்கள். தெருவுக்குத்தானே போலீஸ்? 1908 ஜூனில் ஃப்ளோரா டிரம்மண்ட் ஒரு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்துத் தேம்ஸ் நதியில் போய், நாடாளுமன்ற மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த எம்.பி.க்களை 'எங்கள் ஹைட் பார்க் கூட்டத்துக்கு வாருங்கள்' என்று அழைத்தார். அந்தக் கூட்டத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். எம்.பி.க்களுக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

மியூரியல் மேட்டர்ஸ் என்ற ஆஸ்திரேலிய நடிகை அதற்கும் ஒரு படி மேலே போனார். நிஜமாகவே மேலே. 1909 பிப்ரவரியில் ராஜா நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க வரும் நாளில், 'பெண்களுக்கு ஓட்டு' என்று எழுதிய ஆகாயக் கப்பலில் ஏறித் துண்டுப்பிரசுரம் தூவக் கிளம்பினார். வானத்துக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரி எவரும் இல்லை. எல்லாம் சரி, காற்றைக் கேட்க மறந்துவிட்டார். அது அவரை நாடாளுமன்றப் பக்கமே விடாமல் ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஒரு மரத்தில் இறக்கிவிட்டது. மேன் 39 வருஷம் முயன்றும் முடியாததை ஒரு எதிர்க்காற்று ஒரே மதியத்தில் சாதித்தது.

நூறு வருஷம் தாண்டுவோம். 2001 ஜூன் 2ஆம் தேதி பிரையன் ஹா என்ற தச்சர், ஈராக் மீதான பொருளாதாரத் தடையைக் கண்டித்து நாடாளுமன்றச் சதுக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒருநாள், இரண்டு நாள் என்று நினைத்தார்கள். அவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். கையில் மெகாபோன் வேறு. 'நடைபாதைக்கு இடைஞ்சல்' என்று நகராட்சி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. கடைசியில் டோனி பிளேரின் அரசாங்கம் 2005இல் சட்டமே கொண்டுவந்தது: நாடாளுமன்றத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை முன்அனுமதி இல்லாமல் ஒற்றை ஆள்கூட ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது.

கோர்ட் சட்டத்தைப் படித்துப் பார்த்தது. 'ஆர்ப்பாட்டம் தொடங்கும்போது அனுமதி வேண்டும் என்கிறீர்கள். இவர் தொடங்கியது 2001இல். அப்போது உங்கள் சட்டமே இல்லையே!' ஆக, ஒரு மனுஷனைக் கிளப்புவதற்காகவே எழுதிய சட்டம், அந்த ஒரு மனுஷனைத் தவிர மற்ற எல்லோரையும் கட்டுப்படுத்தியது. அடுத்த வருஷம் மேல்கோர்ட் தீர்ப்பை மாற்றுவதற்குள் உலகம் சிரித்து முடித்துவிட்டது.

காமெடியன் மார்க் தாமஸ் சட்டத்தை மீறவில்லை; முழு பக்தியோடு கடைப்பிடித்தார். ஒவ்வொருவரும் தனித்தனியே மனுப் போடுங்கள் என்று ஆட்களைத் திரட்டி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசை கட்ட வைத்தார். தானே ஒரே நாளில் 20 ஆர்ப்பாட்டங்களுக்கு முறைப்படி அனுமதி வாங்கி நடத்தி, கின்னஸில் இடம்பிடித்தார். சதுக்கத்துக்கு ஒரு பெண்மணி கொண்டுவந்த கேக்கில் 'சமாதானம்' என்று ஐசிங் இருந்ததால் போலீஸ் வந்து விசாரித்த கதையையும் சொல்வார். கேக்குக்கு பர்மிஷன் இல்லையாம். நல்லவேளை, தின்றுவிட்டால் தடயம் இருக்காது.

2006 மே மாதம் ஒரு நள்ளிரவில் 78 போலீசார் வந்து ஹாவின் தட்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மார்க் வாலிங்கர் என்ற கலைஞர் அத்தனையையும் அச்சு அசலாகத் திரும்பச் செய்து டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் வைத்தார். 1 கிலோமீட்டர் எல்லைக்கோடு அந்தக் கூடத்தின் வழியாகவே போகிறது என்று தரையில் கோடும் போட்டுக் காட்டினார். அவர் கணக்குப்படி பாதி கண்காட்சி சட்டவிரோத எல்லைக்குள்! 2007இல் அவருக்கு டர்னர் பரிசு கிடைத்தது. போலீஸ் இலவசமாக அள்ளியது 25,000 பவுண்டு பெறும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதே சதுக்கத்தில்தான் 2009இல் ஈழத் தமிழர்கள் அனுமதிக்குக் காத்திராமல் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அது சிரிக்கிற கதை இல்லை. ஒரு வணக்கத்தோடு கடந்துபோவோம். 2011இல் ஹாவும் இறந்தார், அந்த முன்அனுமதிச் சட்டத்துக்கும் முடிவுகட்டினார்கள். பதிலுக்கு வந்த புதுச் சட்டத்தின்படி சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் செய்யலாம், கூடாரம் போட்டுத் தூங்கத்தான் கூடாது. புரட்சியை மன்னித்துவிட்டார்கள், போர்வையை மன்னிக்கவில்லை.

அப்படியானால் இந்த பர்மிஷன் என்ற ஆயுதம் லண்டனில் ஜெயித்ததே இல்லையா? உண்டு. 2012 ஜூலை 14, ஹைட் பார்க். 62 வயசு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடிவிட்டு, 70 வயசு பால் மெக்கார்ட்னியை மேடைக்கு அழைத்துவந்தார். கூட்டம் பித்துப் பிடித்து ஆடியது. லைசென்ஸில் இருந்த நேரமோ இரவு 10:30. அக்கம்பக்கத்துப் பணக்காரர்களுக்குத் தூக்கம் கெடக் கூடாது. நேரம் தாண்டியது. ஏற்பாட்டாளர்களே சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு இசையின் இரண்டு சிகரங்கள் நன்றி சொல்லக்கூட மைக் இல்லாமல் வாயசைத்தன. யாரும் வேலியை ஆட்டவில்லை. முணுமுணுத்தபடி ரயிலைப் பிடிக்கப் போனார்கள். 85,000 கான்ஸ்டபிள், பீரங்கி, பட்டாளம், பூட்டு, நோட்டீஸ் என்று பாடாய்ப் பட்ட சர் ரிச்சர்ட் மேன் மட்டும் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்று ஒருத்தராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். என்ன, அதற்கு முதலில் யாராவது பிளக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.